மன்னார்க் கடலின் பவளமும் கரைநீரின் தூய்மையும்

இராமேசுவரத்துக்குச் செல்லும் புகைவண்டி மண்டபத்தைக் கடந்து பாம்பன் பாலத்தின்மேல் ஏறியதும், அதுகாறும் உறங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்து சாளரத்தின் வழியே நோக்குவர். இடப்புறத்தே பாக்கு விரிகுடா; வலப்புறத்தே மன்னார் வளைகுடா. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலம் ஓய்வு பெற்று, 2025-இல் புதிய பாலம் வந்துவிட்டதெனினும், இக்காட்சி மாறிற்றில்லை. கரையில் வாழ்வோர் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் வழங்குவர். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கலங்கும். தென்கடல் அடங்கித் தெளியும். கச்சான் வீசும் ஆனி ஆடியில் இந்நிலை மாறும். ஒரே நாளில் ஒரு பாலத்தின் இருமருங்கும் இருவேறு நிறமுடைய நீரைக் காணும் பேறு நம் நாட்டில் வேறெங்கும் எளிதிற் கிட்டுவதன்று.

இவ்விரு கடல்களின் அடியிலும் பவளப்பாறைகள் உள்ளன. நீரின் தெளிவும் கலக்கமும் வண்டியிற் செல்லும் நமக்குக் கண்ணுக்கு விருந்து. பவளத்துக்கோ அவை உயிர்நிலை. அண்மைக் காலத்தில் உலகம் வெப்பமுற்று வருதலால் பவளத்துக்கு மற்றோர் இடையூறும் நேர்ந்துள்ளது. கடல்நீரின் சூட்டை இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு நாம் தணிக்க இயலாது. அங்ஙனமாயின், கரையோரத்து நீரைத் தூய்மையாக வைத்துக்கொள்வதனால் பவளத்துக்கு யாது பயன் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பவளம் யாது?

நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படும் செம்பவளம் வேறு. நாம் ஈண்டுப் பேசும் பாறைப் பவளம் வேறு. பாறைப் பவளம் கல்லைப்போற் கிடப்பினும் கல்லன்று. மிகச் சிறிய உயிர்கள் எண்ணிறந்தன ஒன்றோடொன்று ஒட்டி வாழும் கூட்டமே அது. ஒவ்வோர் உயிரும் ஒரு சிறு பை போன்றது; அதன் வாயைச் சூழ மெல்லிய உணர்கொம்புகள் உண்டு. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தனக்கொரு கிண்ணம் அமைத்துக்கொண்டு அதன்கண் அது வாழும். அது மாய்ந்தபின் கிண்ணம் எஞ்சும். அதன்மேல் அடுத்த தலைமுறை எழும். இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் கட்டியெழுப்பப்பட்டதே பவளப்பாறை.

இச்சிற்றுயிர் தனித்து உழைப்பதன்று. அதன் தசையினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடமளித்த பவளத்துக்கே வாடகையாகத் தருகின்றன. பவளத்துக்கு வேண்டும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையும் இப்பாசிகளிடமிருந்தே கிடைப்பதுண்டு. பவளத்துக்கு நிறம் தருவனவும் பெரிதும் இவையே. ஆதலின் ஒளி புகும் தெளிந்த ஆழமற்ற நீரே பவளத்துக்கு ஏற்றது. பேராறுகள் வண்டலோடு வந்து விழும் முகத்துவாரங்களிற் பவளம் தழைப்பதில்லை. இராமநாதபுரச் சீமை மழை குறைந்த நாடு; வைகையின் நீரும் இராமநாதபுரம் பெரிய கண்மாய் முதலியவற்றில் தேங்கி, எஞ்சியதே ஆற்றங்கரை என்னும் ஊரருகே வடகடலைச் சேரும். தென்கடலின் இக்கரையிலோ பேராறு ஒன்றும் விழுவதில்லை. உழவனுக்குக் குறையாகத் தோன்றும் இவ்வறட்சி பவளத்துக்கு நலமாயிற்று.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை தென்கடலில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சூழ்ந்து இப்பாறைகள் வளர்ந்துள்ளன. கல்லூரி மாணவர் உயிர்நூல் கற்கச் செல்லும் குருசடைத் தீவு அவற்றுள் ஒன்று. அத்தீவின் கரையோர உயிரினங்களை ஆராய்ந்து சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையார் 1927-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டனர். இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கற்பவளங்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர்.

வெளுத்தல் நிகழும் வகை

சித்திரை வைகாசியிற் காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடிபோற் கிடக்கும் நாட்களில் நீர் 30 டிகிரிக்கு மேற் சூடேறும். வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி ஏறிச் சில வாரங்கள் நீடிப்பினும் பவளத்துக்கும் பாசிக்கும் இடையிலுள்ள உறவு குலைந்துவிடும். சூடும் ஒளியும் மிகும்போது நுண்பாசிகளின் சமையல் தடுமாறி நச்சுத்தன்மையுள்ள பொருள்களைத் தோற்றுவிக்கும். அவற்றைத் தாங்கமாட்டாத பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடும். நிறம் நீங்கி, வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு தசையினூடே தோன்றும். இதனையே வெளுத்தல் என்பர்.

வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. பட்டினி கிடக்கும் பவளம். கச்சான் எழுந்து நீரைக் குளிரச் செய்யின் பாசிகள் மீண்டும் குடியேறும், பவளம் பிழைக்கும். சூடு நீடிப்பின் பட்டினியால் மாயும். ஆகவே வெளுத்த பவளம் எத்துணை நாள் தாங்கும் என்பதும், தப்பியபின் எத்துணை விரைவில் தேறும் என்பதுமே வினா. இவ்விரண்டிலும் நீரின் தூய்மை வந்து கலக்கின்றது.

அழுக்குநீர் செய்யும் கேடு

சாக்கடை நீரிலும், வயல்களுக்கு இடும் உரத்திலும், இறால் பண்ணைகளின் கழிவுநீரிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் பொருள்கள் உள்ளன. இவை நிலத்துப் பயிருக்கு உரம். கடலில் பாசிக்கு உரம். அவற்றால் விளையும் கேடு நால்வகைப்படும்.

முதலாவது, நீரில் மிதக்கும் நுண்பாசிகளும் பாறைமேல் வளரும் பெரும்பாசிகளும் பெருகும். மிதப்பன ஒளியை மறைக்கும். வளர்வன இடத்தைக் கவரும். பவளத்தின் குஞ்சுகள் நீரில் அலைந்து திரிந்து வெறும்பாறை கண்டவிடத்தே ஒட்டி வளர வேண்டியவை. பாசி மூடிய பாறையில் அவற்றுக்கு இடமேது?

இரண்டாவது, பவளத்தின் உள்ளே வாழும் பாசிகளே நிலைகெடும். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பரஸ் அதற்கேற்ப இல்லாதவிடத்து, அவை பாஸ்பரஸ் பஞ்சத்துக்கு உள்ளாகிச் சூட்டையும் ஒளியையும் தாங்கும் வன்மையை இழக்கின்றன. இதனால் பவளம் எளிதில் வெளுக்கும் என்பதை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று நிறுவிற்று. கடலின் சூடு ஒன்றேயாயினும், அழுக்குநீரில் உள்ள பவளம் முன்னரும், தூயநீரில் உள்ளது பின்னரும் வெளுத்தல் கூடுமென்பது இதனாற் போதரும்.

மூன்றாவது, வண்டல். பவளத்தின்மேல் மண் படியின் அது வழுவழுப்பான நீரைச் சுரந்து அம்மண்ணைக் கழுவித் தள்ளும். அதற்கு ஆற்றல் செலவாகும். பட்டினி கிடப்பவனை நாள்தோறும் வீடு கூட்டச் சொல்வது போன்றது இது.

நான்காவது, பிராணவாயுக் குறைவு. பாசி பெருகி மாண்டு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவழிந்துபோம். சூடான நீரோ இயல்பாகவே குறைந்த பிராணவாயுவைத் தாங்குவது. இரண்டும் கூடின் கேடு இரட்டிக்கும்.

நான்காவதாகக் கூறியது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் கண்முன் நிகழ்ந்தது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபத்தை அடுத்த கடல் பச்சை நிறமாயிற்று. இரவில் அலைகள் ஒளிவிடக் கண்டு மக்கள் வியந்தனர். நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகியதே அதன் காரணம். சில நாட்களில் மீன்கள் மாண்டு கரையொதுங்கின. குருசடையை அடுத்த சிங்கிள் தீவருகே நீரிலிருந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிற்று. கிளை கிளையாக விரைந்து வளரும் பவள இனங்களே பெரிதும் மடிந்தன. அது கோடைச் சூட்டினால் நேர்ந்த சாவன்று. மூச்சுமுட்டி நேர்ந்த சாவு.

நம் கடலின் கணக்கு

இனி, நம் தென்கடற் பவளம் கடந்த சில ஆண்டுகளில் அடைந்த ஏற்றத்தாழ்வைக் காண்போம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தீவுதோறும் நீரில் மூழ்கி, பாறைப் பரப்பில் நூற்றுக்கு எத்துணைப் பங்கு உயிருள்ள பவளம் என அளந்து வருகின்றனர். அவர்தம் கணக்கின்படி 2005-இல் ஏறத்தாழ 37 பங்கு, 2009-இல் 43. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் வெளுத்தல் நேர்ந்து 33 ஆயிற்று. பின்னர்த் தேறி 39 வரை ஏறியது, 2016-இல் மீண்டும் வெளுத்து 23 ஆக வீழ்ந்தது. 2021-இல் 27 வரை எழுந்தது. 2024-இலும் இக்கடலில் வெளுத்தல் காணப்பட்டது.

இவ்வெண்களை ஊன்றி நோக்கின் மூன்று உண்மைகள் புலனாம். வீழ்ச்சி ஒரு கோடையில் நிகழ்கின்றது. எழுச்சிக்கோ பல ஆண்டுகள் வேண்டும் என்பது ஒன்று. 1998-இல் நேர்ந்த உலகப் பெருவெளுத்தலுக்கும் 2010-க்கும் இடையே 12 ஆண்டுகள் இருந்தன; 2010-க்கும் 2016-க்கும் இடையே 6; 2016-க்கும் 2024-க்கும் இடையே 8. தேறுவதற்குக் கிடைக்கும் இடைக்காலம் முன்போல் இல்லை என்பது மற்றொன்று.

மூன்றாவது உண்மை 2005-க்கும் 2009-க்கும் இடையிலுள்ள ஏற்றத்தில் அடங்கியிருக்கின்றது. நெடுங்காலமாக இக்கரையில் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் வீடு கட்டுவதற்கும் பயன்படுத்தினர். படகு படகாகப் பாறை கரையேறிற்று. அதன் பயனாகக் கீழக்கரைக்கு அப்பால் இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிக்கு அப்பால் இருந்த விலாங்குசல்லியும் ஆகிய இரு தீவுகள் நீருள் அமிழ்ந்துபோயின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின், பாறையே கரைக்கு அரண் என்பதை மக்கள் உணர்ந்தமையாற் பவளம் வெட்டுதல் ஓய்ந்தது. வெட்டு ஓய்ந்த நாலாண்டுக்குள் பவளம் 37-லிருந்து 43 ஆயிற்று. உலகின் சூடு அந்நாலாண்டில் குறைந்ததா? இல்லை. நம் கை ஓய்ந்தது, அவ்வளவே. கரையிலுள்ளார் செய்யும் செயலுக்குப் பயன் உண்டென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிற நாடுகள் கற்பிக்கும் பாடம்

பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் கனியோஹே என்றொரு குடாக்கடல் உண்டு. பல்லாண்டுகளாக ஊர்ச் சாக்கடை அதனுள் விடப்பட்டது. பச்சைப்பாசி பவளத்தை மூடிக் கொன்றது. 1977, 1978-ஆம் ஆண்டுகளிற் சாக்கடை வாய்களைக் குடாவினின்று மாற்றி ஆழ்கடலுக்குத் திருப்பினர். பின்வந்த ஆண்டுகளிற் பாசி குறைந்து, பவளம் மீண்டும் பரவிற்று.

அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 2009 முதல் 2012 வரை ஒரு சோதனை நடந்தது. பாறையின் சில பகுதிகளில் மட்டும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த உரத்தை மூன்றாண்டுகள் கசியவிட்டனர். உரம் பெற்ற பகுதிகளில் வெளுத்தல் மும்மடங்குக்கு மேலும், நோய் இருமடங்காகவும் காணப்பட்டன. உரத்தை நிறுத்திப் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்பகுதிகளுக்கும் ஏனையவற்றுக்கும் வேற்றுமை இல்லை. கேடு செய்தது நீர். நீர் திருந்தியதும் கேடும் நீங்கிற்று.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒருவர் தடை கூறலாம். “2016-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெரும்பவளத் தொடரில் தூயநீர்ப் பகுதியும் கலங்கல்நீர்ப் பகுதியும் ஒருங்கே வெளுத்தனவே, அவ்வாண்டின் கொடுஞ்சூட்டுக்கு முன் நீரின் தூய்மை ஒரு காப்பாக நிற்கவில்லை என்று ஆராய்ந்தோரே எழுதினரே” என்பார் அவர். அன்றியும், “சில விடங்களிற் கலங்கல்நீர் வெயிலுக்கு நிழலாகிப் பவளத்தைக் காத்ததும் உண்டு” என்பார்.

இவ்விரண்டும் மெய்யே. இவற்றை மறைத்துப் பேசுதல் கற்றோர்க்கு அழகன்று. நீர் தூயதாயின் பவளம் வெளுக்கவே வெளுக்காது என்பார் பொய்யுரைப்பவராவர். ஆயின் கொடுங்காய்ச்சல் வலியவனையும் படுக்கையில் தள்ளும் என்பதனால், உணவும் பத்தியமும் வேண்டா என்று எந்த மருத்துவனும் சொல்வதில்லை. காய்ச்சல் நீங்கிய பின்னர் எழுந்து நடப்பவன் யார், எழாதே போகின்றவன் யார் என்பதை முடிவுசெய்வது உடம்பின் முன்னைய நிலையன்றோ? ஹவாயில் 2015-ஆம் ஆண்டு வெப்பத்தை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியும் இதனையே கூறுகின்றது. நிலத்தின் அழுக்கு குறைவாகவும், பாசியை மேயும் மீன் மிகுதியாகவும் இருந்த பாறைகள் ஏனையவற்றினும் நல்ல நிலையில் எஞ்சின. கலங்கலின் நிழலும் வெயிலுக்கு மட்டுமே நிழல்; அதனோடு வரும் சாக்கடைக்கு அது நிழலாகாது.

ஆகவே முடிபு இது: கடலின் சூட்டைக் குறைத்தல் உலகத்தார் அனைவரும் கூடிக் கரியமிலவாயுவைக் குறைப்பதனால் மட்டுமே ஆவது. அதில் நமக்கும் ஒரு பங்குண்டு. ஒரு கோடைக்கும் மறு கோடைக்கும் இடையே பவளம் தேறுவதோ கரையிலுள்ளார் கையில் இருக்கின்றது. இடைக்காலம் குறுகக் குறுக, நீரின் தூய்மைக்கு மதிப்பு ஏறுமேயன்றிக் குறையாது.

நாம் செய்யத்தக்கவை

இராமேசுவரத்துக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான யாத்திரிகர் வருகின்றனர். கோயிலினுள் 22 தீர்த்தங்களிலும், வெளியே அக்கினி தீர்த்தத்திலும் நீராடுகின்றனர். தீர்த்தம் என்று போற்றும் நீரிற் சாக்கடை கலத்தல் பக்திக்கும் இழுக்கு, பவளத்துக்கும் கேடு. விடுதிகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டன்றிக் கடலைச் சேராதிருத்தல் முதற்கடன். கரையை ஒட்டிய இறால் பண்ணைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது; 2005-இல் தனிச் சட்டமும் எழுந்தது. சட்டம் ஏட்டில் உறங்காதபடி பார்த்துக்கொள்ளுதல் கரையூரார் கடன்.

கரையோரக் கண்டற்காடுகளும், கடலடியிற் புல்வெளிபோற் பரந்த கடற்புல்லும் வண்டலைத் தடுத்து நீரை வடிகட்டும் வேலிகளாவன. அவற்றை அழித்துவிட்டுப் பவளத்தைக் காக்க முயலுதல் வேலியை வெட்டிவிட்டுப் பயிரைக் காப்பது போலாம். வேற்றுநாட்டிலிருந்து கொணர்ந்து மண்டபப் பகுதியிற் பயிரிடப்பட்ட காப்பாஃபைகஸ் என்னும் பாசி, 2008-ஆம் ஆண்டளவில் குருசடைத் தீவின் பவளங்கள்மேற் படர்ந்திருந்தமை கண்டறியப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்பயிர் சோறிடுவது என்பது உண்மை. ஆதலின் அதனைப் பயிரிடும் இடத்தையும் முறையையும் ஆராய்ந்து அமைத்தல் இன்றியமையாதது.

மாணவர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. வெண்மையும் கறுப்புமாகப் பூசிய ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றிற் கட்டி நீருள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளின் நீரின் தெளிவு எண்ணாகக் கிடைக்கும். ஒரு வெப்பமானியும், நீரிற் கரைந்த பிராணவாயுவை அளக்கும் எளிய கருவியும் உடனிருப்பின் போதும். ஒரே இடத்தில் மாதந்தோறும் பத்தாண்டுகள் அளந்து எழுதிவைத்த குறிப்பேடு, ஒருநாட் பயணத்தில் எழுதிய நூறு பக்கங்களினும் பயனுடையது. பாசி பறிக்கக் கடலிற் குளிக்கும் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்மக்கள் எப்பாறை எவ்வாண்டு வெளுத்தது, எவ்விடத்து மீன் குறைந்தது என்பவற்றைக் கண்ணாரக் கண்டறிந்தவர்கள். நம் குறிப்பேட்டில் அவர்தம் சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது அறிவுடைமையாகும்.

அமிழ்ந்துபோன இரு தீவுகளையும் மீண்டும் எழுப்ப நம்மால் இயலாது. எஞ்சிய தீவுகளின் முன்னே பாறை நிற்கும்வரை, அலையின் வேகம் ஆங்கே அடங்கும்; மீன் குஞ்சு ஆங்கே வளரும்; கரையூரார் அடுப்பு எரியும். வரும் சித்திரையில் கடல் சூடேறும்போது, நம் பவளம் சாக்கடையும் வண்டலும் உண்டு மெலிந்த உடலோடு அதனை எதிர்கொள்ளப்போகின்றதா, தூயநீரில் வலிபெற்ற உடலோடு எதிர்கொள்ளப்போகின்றதா என்பது, இவ்வாண்டின் ஏனைய மாதங்களில் நாம் கடலுக்குள் எதனை விடுகின்றோம் என்பதைப் பொறுத்தது.